பின்வாங்கும் படை: 1914இன் முதல் 6 வாரங்கள்

1914 ஆகஸ்ட் 27. வடக்கு பிரான்சில் செயின்ட் குவென்டின் என்ற ஊர். அதன் சதுக்கத்தில் சில நூறு பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிடக்கிறார்கள். பெரிய காயம் எதுவும் இல்லை. நடந்து நடந்து ஓய்ந்துபோனவர்கள். ஜெர்மன் படை பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. இங்கே சண்டை மூண்டால் பீரங்கி ஊரையே இடித்துவிடுமே என்று மேயர் பதற, இரண்டு பட்டாலியன்களின் கர்னல்களும் 'சரணடைகிறோம்' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

குதிரைப்படை மேஜர் டாம் பிரிட்ஜஸ் அங்கே வந்து சேர்கிறார். முதல் வேலையாக அந்தத் தாளைத் திரும்ப வாங்குகிறார். அப்புறம் சிப்பாய்களை எழுப்பப் பார்க்கிறார். ஒருவரும் அசைவதாக இல்லை. பக்கத்தில் ஒரு பொம்மைக் கடை கண்ணில் படுகிறது. உள்ளே போய்க் குழந்தைகள் தட்டும் சின்ன மேளம் ஒன்றும் தகர ஊதல் ஒன்றும் வாங்கிவருகிறார். அவரும் அவருடைய எக்காளக்காரரும் அவற்றை வாசித்தபடி சதுக்கத்து நீரூற்றைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கிடந்தவர்கள் முதலில் வெறித்துப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார். ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வரிசை கட்டி, அந்தப் பொம்மை மேளத்தின் பின்னால் ஊரைவிட்டு நடந்தார்கள்.

பின்வாங்குவது என்றால் என்ன என்று கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். எழுந்து வரிசையில் நிற்கும் வரை அவர்கள் தோற்ற கூட்டம். நின்ற பிறகு பின்வாங்கும் படை. போகும் திசை ஒன்றுதான், களைப்பும் அதே களைப்புதான். ஆனால் மறுநாள் 'நில், திரும்பிச் சுடு' என்று ஒருவர் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

நமக்கு இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடாது. புறமுதுகு காட்டுவது தமிழில் வசைச்சொல். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேர மன்னனைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். இன்னொரு பக்கம், 'புலி பதுங்குவது பாய்வதற்கு' என்று சொல்லிப் பின்வாங்குவதையெல்லாம் தந்திரமாக்கிவிடும் பழக்கமும் உண்டு. முதல் உலகப்போரின் தொடக்க வாரங்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அப்போது பின்வாங்கியவர்கள் கோழைகளும் அல்ல, பதுங்கிய புலிகளும் அல்ல. அடிவாங்கித் தள்ளப்பட்டவர்கள். தள்ளும்போது விழாமல் கால் ஊன்றிக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான்.

தேர் திரும்பும் மூலை

முதலில் யார் யாரைத் தள்ளினார்கள் என்று பார்த்துவிடலாம். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அதிலிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாக, ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு பக்கம், ரஷ்யாவும் பிரான்சும் பிரிட்டனும் மறுபக்கம் என்று போர் மூண்டுவிட்டது. ஏன் மூண்டது என்பது தனிக் கட்டுரைக்கான கதை.

ஜெர்மனிக்குக் கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சமாளிப்பது கடினம். ரஷ்யா பெரிய நாடு, படை திரட்டி வரத் தாமதமாகும். அதற்குள் பிரான்சை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பினால்? தலைமைத் தளபதியாக இருந்த ஷ்லீஃபன் 1905 வாக்கில் எழுதிவைத்த யோசனையின் சாரம் இதுதான். பிரான்சின் கிழக்கு எல்லையில் கோட்டைகள் நிறைய. அதனால் நேராக மோதாமல் வடக்கே பெல்ஜியம் வழியாகச் சுற்றி வந்து பிரெஞ்சுப் படையைப் பின்னாலிருந்து மடக்க வேண்டும். பெல்ஜியம் நடுநிலை நாடு என்பது அந்த வரைபடத்தில் ஒரு பொருட்டாகவே இல்லை.

கோயில் தேர் மூலையில் திரும்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் வடம் பிடித்தவர்கள் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்பார்கள், வெளிப்பக்கம் பிடித்தவர்கள் ஓட வேண்டியிருக்கும். ஜெர்மனி மேற்கே நிறுத்திய 7 சேனைகளில் வெளிவிளிம்பில் இருந்தது க்ளுக் என்ற தளபதியின் முதல் சேனை. பெல்ஜியத்தைக் குறுக்காகக் கடந்து பாரிஸ் வட்டாரம் வரை அவர்கள் நடக்க வேண்டும். ஆகஸ்ட் வெயிலில், முதுகில் மூட்டையோடு, சராசரியாக நாளுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். இந்த நடையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. லியேஜ் நகரைச் சுற்றி 12 கோட்டைகள். வெறும் காலாட்படையால் அவற்றை அசைக்க முடியவில்லை. கிரூப் ஆலை செய்த 420 மில்லிமீட்டர் குறுங்குழல் பீரங்கிகளைக் கொண்டுவந்து மேலிருந்து குண்டு இறக்கிய பிறகுதான் கான்கிரீட் பிளந்தது. கடைசிக் கோட்டை ஆகஸ்ட் 16இல் விழுந்தது. 20ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ். பெல்ஜியப் படை அழியாமல் வடக்கே ஆண்ட்வெர்ப் நகருக்குள் ஒதுங்கிக்கொண்டது. இந்தக் கதையின் முதல் பின்வாங்கல் அதுதான். அப்படி ஒதுங்கிய படையைக் காவல் காக்கவே ஜெர்மனி கொஞ்சம் ஆட்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது.

சிவப்புக் கால்சட்டை

பிரெஞ்சுத் தளபதிகளுக்குப் பின்வாங்குவது என்ற பேச்சே பிடிக்காது. போரில் வெல்வது மன உறுதி, ஆகவே எப்போதும் தாக்கு என்பதே அவர்களுடைய பாடம். சிப்பாய்கள் நீலக் கோட்டும் பளிச்சென்ற சிவப்புக் கால்சட்டையும் அணிந்துதான் 1914இல் போருக்குப் போனார்கள். கூப்பிடு தூரத்தில் நின்று சுட்ட பழைய காலத்து உடை அது. எதிரே இருந்ததோ இயந்திரத் துப்பாக்கி.

எல்லைப் போர்கள் என்று இப்போது மொத்தமாகச் சொல்லப்படும் சண்டைகள் லொரேன், ஆர்டென் காடுகள், சார்ல்ருவா, மான்ஸ் என்று நீண்ட எல்லை முழுவதும் சில நாட்களுக்குள் நடந்தன. எல்லாவற்றிலும் பிரெஞ்சுத் தரப்புக்கு அடி. ஆகஸ்ட் 22 அன்று மட்டும் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சுச் சிப்பாய்கள் இறந்தார்கள். பிரெஞ்சுப் படையின் வரலாற்றில் இவ்வளவு ரத்தம் சிந்திய நாள் வேறில்லை என்பார்கள். ஆர்டென் காட்டில் காலை மூடுபனிக்குள் நடந்துபோன, பல ஆயிரம் பேர் கொண்ட ஒரு டிவிஷன் ரோசிஞோல் என்ற சிற்றூர் அருகே மாட்டிக்கொண்டது. மாலைக்குள் அது ஒரு டிவிஷனாக இல்லை.

மறுநாள் மான்ஸ். அங்கே ஒரு கால்வாய்க் கரையில் பிரிட்டிஷ் படை காத்திருந்தது. சிறிய படைதான், 4 காலாட்படை டிவிஷன்களும் ஒரு குதிரைப்படை டிவிஷனும். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தேர்ந்த சிப்பாய்கள். லீ-என்ஃபீல்டு துப்பாக்கியால் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடப் பழகியவர்கள். கால்வாயைக் கடக்க வந்த ஜெர்மானியரை அன்று பகல் பெரும்பகுதியும் நிறுத்திவைத்தார்கள். அவர்கள் பக்கம் இழப்பு சுமார் 1,600 பேர்.

சரி, நன்றாகத்தானே நின்றார்கள், ஏன் பின்வாங்கினார்கள்? புதிதாகப் படிப்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. காரணம் மான்ஸில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. பிரிட்டிஷாரின் வலப்பக்கம் நின்றது லான்ரெசாக்கின் பிரெஞ்சு ஐந்தாம் சேனை. சார்ல்ருவாவில் அடிவாங்கிய அது ஆகஸ்ட் 23 இரவே பின்னால் நகரத் தொடங்கியது.

ஒரு படைக்கு முகம் உண்டு, விலா உண்டு. துப்பாக்கி, பீரங்கி, பதுங்குகுழி எல்லாம் முகத்தின் பக்கம் பார்த்திருக்கும். விலாவில் கைவைத்தால் தடுக்க ஆள் இருக்காது. அதனால்தான் சேனைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொருவர் விலாவுக்கும் பக்கத்தில் நிற்பவர்தான் காவல். அவர் போய்விட்டால் நீங்கள் எவ்வளவு வீரமாக நின்றாலும் எதிரி அந்த ஓட்டை வழியாக வந்து பின்னால் நிற்பான். ஆகவே அடிவாங்காதவரும் அடிவாங்கியவரோடு சேர்ந்து நகர வேண்டும். பகல் முழுக்க எதிரியை நிறுத்திவைத்த சிப்பாய்க்கு இது விளங்கவே விளங்காது. நாம்தான் ஜெயித்தோம், ஏன் போகச் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்கள்.

நடையின் கணக்கு

அந்த நடை செப்டம்பர் 5 வரை, ஏறக்குறைய இரண்டு வாரம் நீண்டது. தூரம் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிரிட்டிஷ் காலாட்படையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓய்வுபெற்று வீட்டில் இருந்து, போர் என்றதும் திரும்ப அழைக்கப்பட்டவர்கள். காலில் புது பூட்ஸ். அது கடித்துக் கடித்துப் பாதம் ரத்தமாகிவிடும், கழற்றினால் வீங்கிய கால் மறுபடி நுழையாது. நடந்தபடியே தூங்கினார்கள். சாலை நிறைய அகதிகள் வேறு. கட்டில், கோழிக்கூடு, பாட்டி என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அதே வழியில் வந்தார்கள்.

பின்வாங்குவதில் ஒழுங்கு என்பது பெரும்பாலும் சாலை ஒழுங்குதான். முதலில் சாமான் வண்டிகள் போக வேண்டும், அப்புறம் கனரகப் பீரங்கிகள், அப்புறம் காலாட்படையின் பெரும்பகுதி. கடைசியில் பின்காப்புப் படை. அதன் வேலை வெல்வது அல்ல, தாமதப்படுத்துவது. ஒரு மேட்டில் நின்று சுடும். துரத்துகிறவன் நின்று, பரவி, பீரங்கியை இறக்கித் தாக்கத் தயாராவதற்குள் எழுந்து அடுத்த மேட்டுக்குப் போய்விடும். இப்படிச் சம்பாதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் முன்னால் போகிறவர்கள் நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பார்கள்.

சில சமயம் அது போதாது. ஆகஸ்ட் 25 இரவு லெ கத்தோ என்ற ஊரருகே பிரிட்டிஷ் இரண்டாம் கோரின் (சில டிவிஷன்கள் சேர்ந்தது ஒரு கோர்) தளபதி ஸ்மித்-டோரியன் கணக்குப் போட்டார். ஆட்கள் இன்னும் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள், விடிவதற்குள் கிளம்ப வழியில்லை, விடிந்தால் எதிரி முதுகில் ஏறிவிடுவான். மேலிடம் தொடர்ந்து நடக்கச் சொல்லியிருந்தும், நின்று ஓர் அடி அடித்துவிட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தார். 26ஆம் தேதி நாள் முழுக்கச் சண்டை. சுமார் 7,800 பேரையும் 38 பீரங்கிகளையும் இழந்தார். ஆனால் பிற்பகலில் படை நழுவிவிட்டது, ஜெர்மானியர் ஒட்டித் துரத்தவில்லை. இது சரியா தவறா என்று அவருக்கும் பிரிட்டிஷ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் ஃப்ரெஞ்சுக்கும் மூண்ட பகை பல ஆண்டுகள் ஓயவில்லை. நான் ஸ்மித்-டோரியன் கட்சி. தூங்கி விழும் படையை நடத்திக்கொண்டே போயிருந்தால் செயின்ட் குவென்டின் சதுக்கம் போல இன்னும் பத்து ஊர்களில் நடந்திருக்கும், அத்தனை பொம்மைக் கடைக்கு எங்கே போவது?

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. படை பின்வாங்கும்போது ஊர் கூடவே போக முடியாது. ஆகஸ்ட் 23 அன்று டினான் என்ற பெல்ஜிய ஊரில் 674 பொதுமக்களை ஜெர்மன் படை கொன்றது. இரண்டு நாள் கழித்து லூவன் நகரில் பல்கலைக்கழக நூலகம், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களோடு எரிக்கப்பட்டது. படைகளின் அசைவை அம்புக்குறியாகக் காட்டும் வரைபடங்களில் இந்த ஊர்கள் அம்புக்குறிக்கு அடியில் போய்விடுகின்றன.

தண்டவாளம்

இதுவரை பார்த்ததில் தோற்பவர்கள் தோற்றுக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு எப்படி நிலைமை திரும்பியது?

1914இல் ஒரு படை இரண்டு வேகத்தில் நகர்ந்தது. ரயில் இருக்கும் இடம் வரை ரயில் வேகம். அதற்கப்புறம் மனிதக்கால், குதிரைக்கால் வேகம். லாரிகள் சொற்பம். பின்வாங்கும் பிரெஞ்சுப் படை ஒவ்வொரு நாளும் தன் ரயில் பாதைகளை நெருங்கியது, ரொட்டியும் குண்டும் புது ஆட்களும் கிட்டத்தில் வந்தன. முன்னேறும் ஜெர்மன் படை ஒவ்வொரு நாளும் தன் ரயிலைவிட்டு விலகியது. பெல்ஜியர்கள் போகும்போதே பாலங்களையும் சுரங்கப்பாதைகளையும் தகர்த்துவிட்டிருந்தார்கள். க்ளுக்கின் சேனையில் மட்டும் குதிரைகள் 80,000க்கு மேல். ஒரு குதிரைக்கு நாளுக்குப் பத்துக் கிலோ தீனி என்று வைத்தாலும் எத்தனை வண்டி வேண்டும், அந்த வண்டியை இழுக்கும் குதிரைக்குத் தீனி யார் கொண்டுவருவது? வயலில் நின்ற பச்சைப் பயிரைத் தின்று குதிரைகள் நோயில் விழுந்தன. சிப்பாய்கள் வயலில் பிடுங்கிய கிழங்கைத் தின்றார்கள். தேரின் வெளிவடம் பிடித்தவர்கள் என்று சொன்னேனே, அவர்கள் இவர்கள்தான். வென்றுகொண்டே தேய்ந்தார்கள்.

இன்னொரு பக்கம், ஜெர்மன் தலைமைத் தளபதி மோல்ட்கே மேற்கிலிருந்து இரண்டு கோர்களைக் கிழக்கே அனுப்பிவிட்டார். ரஷ்யர்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டதுதான் காரணம். அவை ரயிலில் போய்ச் சேர்வதற்குள் டானன்பெர்க்கில் ரஷ்யப் படை தோற்றுவிட்டது. அவசரமாகத் தேவைப்பட்ட ஆட்கள் அங்கேயும் உதவவில்லை, இங்கேயும் இல்லை.

பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ரே குண்டான, அமைதியான மனிதர். நாடே சரிகிறதென்ற நிலையிலும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கியவர், யாரும் இடையில் தொந்தரவு செய்யக்கூடாது. போர் தொடங்கியபோது அவர் போட்ட திட்டம் படு மோசம் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் திட்டம் உடைந்ததும் அதைப் பிடித்துத் தொங்கவில்லை. ஆகஸ்ட் 25 அன்றே, பின்வாங்கிக்கொண்டே கிழக்கிலிருந்து ரயிலில் ஆட்களை மேற்கே கொண்டுவந்து ஒரு புதுச் சேனை சேர்க்க உத்தரவிட்டார். சரிப்பட்டு வராத தளபதிகளை டஜன் கணக்கில் நீக்கினார், லான்ரெசாக் உட்பட. நீக்கப்பட்டவர்கள் போரிலிருந்து தள்ளியிருந்த லிமோஜ் நகருக்கு அனுப்பப்பட்டதால், பதவியிலிருந்து தூக்குவதற்குப் பிரெஞ்சு மொழியில் 'லிமோஜே' என்றே ஒரு வினைச்சொல் வந்துவிட்டது. அந்தப் போர் நமக்கும் ஒரு சொல் தந்தது. அதே செப்டம்பர் 22ஆம் தேதி இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன். 'அவன் ஒரு எம்டன்' என்பது அங்கிருந்து வந்ததுதான்.

செப்டம்பர் 2 அன்று பிரெஞ்சு அரசாங்கம் பாரிஸைவிட்டு போர்டோவுக்குப் போய்விட்டது. சர் ஜான் ஃப்ரெஞ்சு தன் படையைப் போர்முனையிலிருந்தே விலக்கிக்கொள்ள நினைத்தார். கூடாது என்று சொல்ல லண்டனிலிருந்து போர் அமைச்சர் கிச்சனரே வந்தார். இந்த நேரத்தில்தான் க்ளுக் ஒரு காரியம் செய்தார். எதிரி உடைந்துவிட்டான், பாரிஸைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை, ஓடுகிறவர்களை மடக்கினால் போதும் என்று பாரிஸுக்குக் கிழக்கே உள்பக்கமாகத் திரும்பினார். இப்போது அவருடைய விலா பாரிஸைப் பார்த்தபடி திறந்துகிடந்தது. விமானிகள் இதைக் கண்டார்கள். பாரிஸின் ராணுவ ஆளுநர் கலியெனி விடவில்லை, உடனே தாக்கவேண்டும் என்று ஜோஃப்ரேவை நச்சரித்தார். பின்வாங்கல் நின்றது. செப்டம்பர் 5 தொடங்கி மார்ன் ஆற்றங்கரை நெடுகச் சண்டை. பாரிஸ் டாக்ஸிகள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போன புகழ்பெற்ற கதை இங்கேதான் வருகிறது. சுமார் 600 டாக்ஸிகள், மீட்டர் ஓட ஓட, 6,000 பேர் வரை கொண்டுபோய் இறக்கின. அழகான கதை, ஆனால் போரைத் தீர்மானித்தது டாக்ஸி அல்ல, ரயில்.

தீர்மானித்த இன்னொன்று மறுபடியும் விலாதான். பாரிஸ் பக்கத்துத் தாக்குதலைச் சமாளிக்க க்ளுக் மேற்கே திரும்பியதில் அவருக்கும் பக்கத்து இரண்டாம் சேனையின் ப்யூலோவுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளி விழுந்தது. இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த பிரிட்டிஷாரும், புதுத் தளபதியின் கீழ் பிரெஞ்சு ஐந்தாம் சேனையும் அதற்குள் நுழைந்தார்கள். மோல்ட்கே லக்சம்பர்கில் உட்கார்ந்திருந்தார், முனையிலிருந்து செய்தி சரியாக வந்து சேரவில்லை. ஹென்ச் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். செப்டம்பர் 9 அன்று ஜெர்மன் சேனைகள் பின்வாங்கத் தொடங்கின. மான்ஸில் பிரிட்டிஷ் சிப்பாய் முணுமுணுத்தது போலவே க்ளுக்கின் ஆட்களும் முணுமுணுத்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் அவர்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முறை பின்வாங்கியவர்கள் ஜெர்மானியர், அதையும் ஒழுங்காகவே செய்தார்கள். எய்ன் ஆற்றைத் தாண்டி வடகரை மேட்டில் ஏறி மண்வெட்டியை எடுத்தார்கள். துரத்தி வந்த நேச நாட்டுப் படையும் அதே அளவு களைத்திருந்தது. மோபோஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்த ஒரு ஜெர்மன் கோர் அது சரணடைந்ததும் விடுபட்டு, ஓட்டமும் நடையுமாக வந்து செப்டம்பர் 13 அன்று இடைவெளியை அடைத்தது. பிரிட்டிஷார் அந்த மேட்டுக்கு வந்துசேர்ந்தது அதற்குச் சில மணி நேரம் கழித்து. குழி வெட்டிய ஜெர்மானியரைப் பெயர்க்க முடியாமல் அவர்களும் எதிரே குழி வெட்டினார்கள். மறுநாள் மோல்ட்கேயின் பதவி போனது. அந்தக் குழிகள் பக்கவாட்டில் நீண்டு நீண்டு, ஒரு முனையில் வடகடலையும் மறுமுனையில் சுவிட்சர்லாந்தையும் தொட்டன.

செயின்ட் குவென்டினில் கையெழுத்துப் போட்ட கர்னல்கள் இருவரும் ராணுவ நீதிமன்றத்தால் பதவி நீக்கப்பட்டார்கள். அதில் எல்கிங்டன் என்பவர் 48 வயதில் பிரெஞ்சு அந்நியப் படையணியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1915இல் காலில் படுகாயம். பிரான்ஸ் பதக்கம் கொடுத்தது. 1916இல் பிரிட்டிஷ் அரசர் அவருடைய கர்னல் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். கூடக் கையெழுத்துப் போட்ட மற்றவருக்கு அது கடைசி வரை கிடைக்கவில்லை.